மாண்டே பெல்லோ (ரிட்ஜ் திராட்சைத் தோட்டம்)

மாண்டே பெல்லோ என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் சாந்தா குரூஸ் மலைத்தொடரின் ஒரு முகட்டுக்கும், அம்முகட்டின் சரிவுகளில் விளையும் காபர்னே சோவின்யோன் திராட்சையைப் பிரதானமாகக் கொண்டு ரிட்ஜ் வைன்யார்ட்ஸ் என்னும் நிறுவனத்தார் தயாரிக்கும் சிவப்பு ஒயினுக்கும் பொதுவாக வழங்கும் பெயராகும். பிரெஞ்சு நாட்டின் போர்தோ பிரதேசத்துச் சிரேஷ்டமான மதுவகைகளோடு ஒருங்கே வைத்து மதிக்கப்படும் அமெரிக்க ஒயின்கள் மிகச் சிலவே; அவற்றுள் நெடுங்காலமாக இடம்பெற்றுவருவது இது. விஞ்ஞான ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டிருந்த சிலர் தொடங்கிய ஒரு தோட்டம், யந்திர யுகத்துக்கு முந்திய செய்முறைகளைத் தன் சம்பிரதாயமாக ஏற்றுக்கொண்டு, அதனாலேயே கீர்த்தி பெற்றது என்பது இதன் சரித்திரத்தில் காணப்படும் விசேஷம்.

இடமும் மண்ணும்

முகட்டின் கிழக்கே, ஒரு காலத்தில் ஆப்ரிகாட், பிளம் பழத்தோப்புகள் நிறைந்திருந்ததும் இன்று மின்னணுத் தொழிலின் தலைமையிடமாய் விளங்குவதுமான சாந்தா கிளாரா பள்ளத்தாக்கும், அதன் விளிம்பில் குபர்டினோ நகரும் உள்ளன. மேற்கே சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு செல்கிறது. அதற்கும் அப்பால், ஏறத்தாழ 15 மைல் தொலைவில், பசிபிக் சமுத்திரம். திராட்சைக் கொடிகள் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 அடி முதல் 2,700 அடி வரையுள்ள சரிவுகளில் பகுதி பகுதியாக நடப்பட்டிருக்கின்றன.

சமுத்திரத்தின் குளிர்ந்த காற்றும் மலையின் உயரமும் சேர்ந்து இவ்விடத்தின் சீதோஷ்ணத்தை, கலிபோர்னியாவின் புகழ்பெற்ற நாபா பள்ளத்தாக்கின் தரையைக் காட்டிலும் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. ஆகவே பழம் மெதுவாகவே பரிபக்குவம் அடைகிறது. அதில் சர்க்கரை அளவுக்கு மிஞ்சி ஏறுவதில்லை. இயல்பான புளிப்பும் குறைந்துவிடுவதில்லை. நாபாவின் காபர்னே ஒயின்களில் சாராயச் சத்து 14.5 சதவீதத்தைக் கடப்பது பிற்காலத்தில் சாதாரணமாகிவிட்டபோதிலும், மாண்டே பெல்லோவில் அது பெரும்பாலும் 13 அல்லது 13.5 சதவீத அளவிலேயே நின்றுவருவதற்குக் காரணம் இதுவே.

மண்ணும் இவ்வட்டாரத்தில் அபூர்வமானது. பச்சைநிறப் பாறை சிதைந்து களிமண்ணோடு கலந்த மேற்படலத்தின் கீழே, பல இடங்களில் சுண்ணாம்புக் கல் காணப்படுகிறது. கலிபோர்னியாவின் திராட்சை நிலங்களில் சுண்ணாம்புக் கல் மிகவும் அரிது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பசிபிக் சமுத்திரத்தின் வெப்ப மண்டலப் பகுதியில், கடலடி மேடுகளின்மேல் படிந்த இக்கல், புவியோட்டுத் தகடுகளின் நகர்ச்சியால் இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டு மலையோடு சேர்ந்ததென்பது புவியியலாரின் முடிபு. இம்முகட்டின் அடிவாரத்திலுள்ள பெர்மனென்டி கல்லகழ்விடத்திலிருந்து எடுத்த இவ்வகைக் கல்லைக் கொண்டே, 1939இல் ஹென்றி கைசர் நிறுவிய ஆலை, சாஸ்தா பேரணைக்கு வேண்டிய சிமென்டைச் செய்து கொடுத்தது.

ஆரம்ப காலம்

சான் பிரான்சிஸ்கோ நகரத்து இத்தாலிய சமூகத்தில் பிரமுகராயிருந்த ஓசியா பெரோனே என்னும் மருத்துவர், 1885இல் இம்முகட்டின் உச்சியை அடுத்து 180 ஏக்கர் நிலம் வாங்கி, சரிவுகளைப் படிகளாக வெட்டித் திராட்சை பயிரிட்டார். அம்மலையிலேயே வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கல்லால், மலைச்சரிவைக் குடைந்து, மூன்று அடுக்குகளாக ஒரு மதுச்சாலையும் கட்டினார். மாண்டே பெல்லோ என்ற பெயரோடு அதிலிருந்து முதல் ஒயின் வெளிவந்தது 1892ஆம் ஆண்டு அறுவடையில். சுமார் 2,600 அடி உயரத்தில் நிற்கும் அக்கட்டிடமே ரிட்ஜ் நிறுவனத்தாரின் மதுச்சாலையாக இன்றும் பயன்பட்டுவருகிறது.

அந்நாளில் சாந்தா குரூஸ் மலைகள் கலிபோர்னிய ஒயின் தொழிலில் ஒரு முக்கிய ஸ்தானத்தைப் பெற்றிருந்தன. ஆனால் கொடிகளின் வேரை அழிக்கும் பைலாக்செரா என்னும் பூச்சியும், அதையடுத்து 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் அமலிலிருந்த மதுவிலக்குச் சட்டமும் இத்தொழிலை நிலைகுலையச் செய்தன. மலைத்தோட்டங்களோ, செலவு மிகுதியும் விளைச்சல் குறைவும் உடையவை. ஆதலால் சட்டம் நீங்கிய பின்னரும் அவற்றை மீண்டும் எழுப்ப முன்வந்தவர் சிலரே. 1940களில் வில்லியம் ஷார்ட் என்னும் இறையியல் அறிஞர், பெரோனேயின் நிலத்துக்குச் சற்றுக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த வேறொரு தோட்டத்தையும் மதுச்சாலையையும் வாங்கி, அதில் சில பகுதிகளில் காபர்னே சோவின்யோன் கொடிகளைப் புதிதாக நட்டார். பின்னால் வந்த பெருமைக்கெல்லாம் வித்தாக அமைந்தவை அக்கொடிகளே.

விஞ்ஞானிகளின் முயற்சி

ஷார்ட் வைத்திருந்த நிலத்தை 1959இல் வாங்கியவர்கள், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டேவிட் பென்னியன், ஹ்யூ கிரேன், சார்லஸ் ரோசன், ஹோவர்ட் சைட்லர் என்னும் நால்வராவர். இவர்களுள் ரோசன், செயற்கை அறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். தன் செயலைத் தானே ஆராய்ந்து நடமாடிய ‘ஷேக்கி’ என்னும் யந்திர மனிதன், அவர் ஸ்தாபித்த ஆராய்ச்சிக் குழுவிலேயே உருவாயிற்று. வாரநாட்களில் ஆய்வுக்கூடத்திலும், விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு மலையிலுமாக இவர்கள் உழைத்தார்கள்.

வாங்கிய ஆண்டிலேயே, ஷார்ட் நட்டுவைத்த கொடிகளின் பழத்திலிருந்து, ஒரு பீப்பாயின் கால் பங்கு அளவே ஒயின் செய்து பார்த்தார்கள். அதன் தரமும் தனித்த சுபாவமும், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் கிடைத்த ஒயின்களும், இதை வெறும் பொழுதுபோக்காக விடலாகாது என்ற எண்ணத்தை அவர்களுக்கு உண்டாக்கின. முறைப்படி அனுமதி பெற்று, 1962ஆம் ஆண்டு அறுவடை முதற்கொண்டு வியாபார ரீதியில் தயாரிக்கலானார்கள். பென்னியன் 1967இல் ஆராய்ச்சி நிலையத்தை விட்டு முழுநேரமும் தோட்டத்துக்கே வந்துவிட்டார். காடு மண்டியிருந்த பழைய படிநிலங்கள் திருத்தப்பட்டு, 15 ஏக்கராயிருந்த திராட்சைப் பயிர் 1968க்குள் 45 ஏக்கராயிற்று. பெரோனேயின் பழைய கல்மதுச்சாலையும் அவ்வாண்டில் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

பால் டிரேப்பர்

நிறுவனத்தின் போக்கை நிர்ணயித்தவர், 1969இல் அங்கு வந்துசேர்ந்த பால் டிரேப்பர். இல்லினாய் மாநிலத்தில் பண்ணை வீட்டில் வளர்ந்து, ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் தத்துவம் பயின்றவர். மதுவியல் பட்டம் பெறாதவர் எனினும், சிலி நாட்டின் கடலோர மலைகளில் ஒரு சிறு மதுச்சாலையை நடத்திப் பெற்ற அனுபவமும், பழைய போர்தோ ஒயின்களில் ஆழ்ந்த பழக்கமும், பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் ஈடுபாடும் அவருக்கு இருந்தன. நால்வரும் 1960களின் தொடக்கத்தில் செய்திருந்த ஒயின்களைச் சுவைத்தபோது, போர்தோவின் உயர்ந்த தோட்டங்களில் மட்டுமே தாம் கண்டிருந்த ஆழத்தை அவற்றிலும் கண்டதே அவர் இங்கு வருவதற்குக் காரணமாயிற்று.

அக்காலத்தில் கலிபோர்னியாவில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈஸ்ட், கடும் வடிகட்டல், பலவிதத் திருத்தப் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு, ஆண்டுதோறும் பிசகில்லாத ஒரே மாதிரியான மதுவைச் செய்யும் முறை ஆதிக்கம் பெற்றுவந்தது. டிரேப்பரோ, நல்ல நிலத்துப் பழத்துக்குத் திருத்தம் தேவையில்லை, தீங்கு நேராமல் அதைக் காத்து வழிநடத்துவதே செய்பவனின் கடமை என்ற அபிப்பிராயத்தில் உறுதியாய் நின்றார். விஞ்ஞானத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. நிறுவனத்திலேயே ஆய்வுக்கூடம் வைத்து, நொதித்தலின் ஒவ்வொரு நிலையையும் அளந்தறியச் செய்தார்; ஆனால் அளந்தறிந்த செய்தி, எப்போது கை வைக்காமல் இருக்கலாம் என்பதைத் தெளிவதற்கே பெரிதும் பயன்பட்டது.

செய்முறை

திராட்சைக் குலைகள் கையால் அறுவடை செய்யப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியின் பழமும் தனித்தனியே நொதிக்க வைக்கப்படுகிறது. தோலின்மேல் இயற்கையாகவே தங்கியிருக்கும் ஈஸ்ட்டே நொதித்தலைத் தொடங்கி முடிக்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருவனவாதலால், சாற்றைத் தோலோடு எத்தனை நாள் ஊறவிடுவதென்பது நாள்தோறும் சுவைத்துப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது. பின்னர், கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தலும் இயற்கை நுண்ணுயிர்களாலேயே நடைபெறுகிறது. கெடாமல் காக்கும் பொருட்டுக் கந்தக டையாக்சைடு மட்டும், இயன்ற அளவு குறைத்துச் சேர்க்கப்படுகிறது.

பீப்பாய் விஷயத்திலும் இவர்கள் வழி தனி. கலிபோர்னியாவில் உயர்ந்த காபர்னே செய்வோர் பெரும்பாலும் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களையே நாட, ரிட்ஜில் அமெரிக்க வெள்ளை ஓக்கே முக்கியமாகக் கையாளப்படுகிறது. அமெரிக்க ஓக்கின் பச்சை மணம் பற்றிய குறை, மரத்தின் குற்றத்தால் வந்ததன்று, சூளையில் அவசரமாக உலர்த்துவதால் வந்தது என்று கருதிய டிரேப்பர், பலகைகளை வெட்டவெளியில் ஆண்டுக்கணக்காக உலரவிட்டே பீப்பாய் செய்வித்தார். அவற்றில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஒயின் முதிர்கிறது.

அறுவடைக்கு அடுத்த ஆண்டின் முற்பகுதியில், ஒவ்வொரு பகுதியின் ஒயினும் இன்னதென்று அறியாவண்ணம் மறைத்துச் சுவைக்கப்பட்டு, நீடித்து நிற்கும் வலிமையும் மலையின் குணமும் உடையவை மட்டும் மாண்டே பெல்லோவாகக் கலக்கப்படுகின்றன. காபர்னே சோவின்யோனுடன் மெர்லோ, பெத்தி வெர்தோ, காபர்னே பிரான் ஆகியவை ஆண்டின் இயல்புக்கேற்ப வெவ்வேறு விகிதத்தில் சேரும். இளமையிலேயே இனிது பருகத்தக்க பகுதிகள், தோட்டத்தின் இரண்டாவது காபர்னே ஒயினாக வேறு பெயரில் விற்கப்படுகின்றன.

பாரிஸ் பரீட்சையும் அதன் மறுபரிசீலனையும்

1976 மே 24ஆம் தேதி, பாரிஸில் மதுக்கடை நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், பிரெஞ்சு நிபுணர்களைக் கூட்டி, பெயர் மறைத்த ஒரு சுவைப் பரீட்சையை நடத்தினார். சிவப்பு ஒயின்களில் கலிபோர்னியாவிலிருந்து ஆறும் போர்தோவிலிருந்து நான்கும் வைக்கப்பட்டன. நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973 முதலிடம் பெற்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. மூடோன் ரோத்ஷீல்ட், மோன்ரோஸ், ஓ பிரியோன் ஆகிய 1970ஆம் ஆண்டுப் போர்தோ ஒயின்களை அடுத்து, மாண்டே பெல்லோ 1971 ஐந்தாவதாக வந்தது.

முடிவை ஒப்பாதவர்கள், கலிபோர்னிய ஒயின் இளமையில் மயக்கும், ஆனால் போர்தோவைப் போல நெடுநாள் நிற்காது என்று வாதித்தார்கள். அவ்வாதத்துக்கு விடை காண 30 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2006 மே 24ஆம் தேதி, அதே ஒயின்கள் லண்டனிலும் நாபாவிலும் ஏககாலத்தில் இரு குழுவினரால் மீண்டும் பரீட்சிக்கப்பட்டபோது, இரு இடத்து மதிப்பெண்களையும் கூட்டிப் பார்த்ததில் முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னிய ஒயின்களுக்கே கிடைத்தன. அவற்றின் தலைமையில் நின்றது மாண்டே பெல்லோ 1971. சாராயச் சத்து 12 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அந்த ஒயின், வலிமைக்கும் ஆயுளுக்கும் சாராய மிகுதி அவசியமில்லை என்பதற்கு உதாரணமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

சின்ஃபண்டல் ஒயின்கள்

முகட்டின் தாழ்ந்த பகுதியிலிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டம் ஒன்றின் பழத்திலிருந்து 1964இல் முதன்முதலாகச் சின்ஃபண்டல் ஒயின் செய்த ரிட்ஜ், 1966 முதல் சோனோமா வட்டாரத்துக் கேய்சர்வில்லிலிருந்தும், 1972 முதல் லிட்டன் ஸ்பிரிங்ஸிலிருந்தும் அவ்வகை ஒயின்களை வெளியிட்டுவருகிறது. மலிவு மதுவுக்குரியது என்று அலட்சியமாக எண்ணப்பட்டு வந்த இத்திராட்சையை, பல இனக் கொடிகள் கலந்து வளர்ந்த முதிய தோட்டங்களிலிருந்து தேடியெடுத்து, விளைந்த இடத்தின் பெயரையே சீட்டில் முதன்மையாகப் பொறித்து விற்ற இந்நிறுவனத்தின் செயல், வேரோடு களையப்படவிருந்த பல பழந்தோட்டங்கள் பிழைப்பதற்குத் துணையாயிற்று.

பிற்கால நிலை

1986இல் ரிட்ஜ், ஜப்பானிய ஓட்சுகா மருந்து நிறுவனத்தின் உடைமையாயிற்று. எனினும் செய்முறையின் பொறுப்பு டிரேப்பரிடமே இருந்தது. 2011ஆம் ஆண்டு ஒயின் முதற்கொண்டு, சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும், ஒயினில் சேர்ந்த பொருள்கள் அனைத்தையும் புட்டியின் சீட்டில் அச்சிடும் வழக்கத்தை நிறுவனம் மேற்கொண்டது. பிறர் மறைப்பவை இவையிவை என்று சுட்டாமலே, தாம் சேர்ப்பவை எவ்வளவு சில என்பதை வாங்குவோருக்கு அறிவித்த இச்செயல் மதுத்தொழிலில் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. டிரேப்பர் 2016இல் ஓய்வு பெற்றார். அவரிடம் நெடுநாள் பயின்ற எரிக் பாகர், ஜான் ஓல்னி ஆகியோர் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றனர்.

மாண்டே பெல்லோ இளமையில் துவர்ப்பும் புளிப்பும் மிக்கதாய், எளிதில் இணங்காத சுபாவமுடையது. பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை இருட்டிலும் குளிர்ச்சியிலும் வைத்திருந்தாலன்றி அதன் முழுக்குணம் வெளிப்படாது. விற்ற அன்றே புகழ் தேடும் சந்தையில் இது வியாபாரிக்கு ஒரு குறையாகலாம். ஆயினும் பெரோனேயின் கல்மதுச்சாலையும், ஷார்ட்டின் கொடிகளும், டிரேப்பரின் பொறுமையும் ஒன்றுசேர்ந்து கலிபோர்னியாவுக்கு நிரூபித்துக் காட்டியது, அங்கும் ஒரு நிலம் தன் குணத்தைத் தலைமுறை கடந்து ஒயினில் காட்டவல்லது என்பதே. அதற்குத் தேவைப்பட்ட கால அவகாசத்தை அளிக்க இணங்கியவர்களிடமே அந்நிலம் அடுத்தடுத்து வந்துசேர்ந்தது அதன் பாக்கியம்.