திரையில் சிக்கிய முள், உலையில் சிக்கிய வால்வு

இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அம்மீட்டரின் முள் எதிர்பார்த்த இடத்துக்கு வராவிட்டால், அதன் கண்ணாடியைச் சுட்டுவிரலால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பல சமயங்களில் முள்ளும் சற்று நகர்ந்து கொடுக்கும். ஆசிரியர்களாகிய நாங்கள் இதைக் கண்டிப்பதில்லை. நாங்களும் அப்படித் தட்டிப் படித்தவர்கள்தாமே!

இந்தச் சிறு செயலை வைத்தே ஒரு திரைப்படம் கோடிக்கணக்கான மக்களை நடுங்க வைத்தது. 1979 மார்ச் 16ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'தி சைனா சிண்ட்ரோம்' என்ற படம் அது.

ஆற்றலும் இயற்கை வளமும் திரைப்படத்துக்குப் புதியவை அல்ல. 1956இல் வந்த 'ஜயன்ட்' படத்தில் பூமியிலிருந்து எண்ணெய் பீறிட்டு எழுந்து கதாநாயகனை நனைக்கிறது. 1957இல் வந்த 'மதர் இந்தியா', கால்வாய்த் திறப்பு விழாவில் தொடங்குகிறது. இவற்றில் எல்லாம் ஆற்றலோ நீரோ கண்ணுக்குத் தெரிகிற பொருளாக, பெரிய காட்சியாக வருகிறது. அணுமின் நிலையத்தில் அப்படிக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. உலை கனத்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கிறது. அதை இயக்குபவர்கூட அதை நேரில் பார்ப்பதில்லை. முட்களையும் விளக்குகளையும் மட்டுமே பார்க்கிறார். படத்தை எடுத்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதே என் கருத்தில் அவர்களுடைய பெரிய வெற்றி.

கதை இதுதான். கலிபோர்னியாவில் வென்டானா என்ற கற்பனை அணுமின் நிலையம். ஜேன் ஃபாண்டா நடிக்கும் தொலைக்காட்சி நிருபர், பார்வையாளர் கூடத்தின் கண்ணாடி வழியே கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். திடீரென்று கட்டடம் அதிர்கிறது. உலையில் நீர்மட்டம் மிக உயர்ந்துவிட்டதாக ஒரு கருவி காட்டுகிறது. ஊழியர்கள் அவசரமாக நீரைக் குறைக்கிறார்கள். பணிமேற்பார்வையாளராக வரும் ஜாக் லெம்மன் வேறொரு கருவியைப் பார்க்கிறார். அது மட்டம் மிகக் குறைந்துவிட்டது என்கிறது. அவர் முதல் கருவியின் கண்ணாடியைத் தட்டுகிறார். சிக்கியிருந்த முள் சரசரவென்று கீழே இறங்குகிறது! எரிபொருள் நீருக்கு வெளியே வரும் தறுவாயில் இருப்பது அப்போதுதான் தெரிகிறது.

இது வெறும் கற்பனை அன்று. 1970 ஜூன் மாதத்தில் இல்லினாய் மாநிலத்தின் டிரெஸ்டன் அணுமின் நிலையத்தில் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் முள் ஒன்று உண்மையிலேயே சிக்கிக் கொண்டது. திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவரான மைக் கிரே பொறியியல் படித்தவர். அணுஉலைத் துறையிலிருந்து 1976இல் பதவி விலகிய மூன்று பொறியாளர்கள் படத்துக்கு ஆலோசனை கூறினார்கள். ஆயினும் படம் வெளியானபோது அணுமின் துறையினர் இது மிகைப்படுத்தல் என்று கண்டித்தனர்.

பன்னிரண்டு நாட்கள் கழிந்தன. மார்ச் 28, புதன்கிழமை, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரிஸ்பர்க் நகருக்கு அருகே, ஆற்றின் நடுவே அமைந்த 'மூன்று மைல் தீவு' அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில், நீராவி ஆக்கிகளுக்கு நீர் செலுத்தும் பம்புகள் நின்றுவிட்டன. உலையில் அழுத்தம் ஏறியது. அழுத்தத்தைத் தணிக்க ஒரு வால்வு தானே திறந்துகொண்டது. சில விநாடிகளில் கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே விழுந்து தொடர்வினையும் நின்றது. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அடுத்து அந்த வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அது மூடவில்லை.

தொடர்வினை நின்றுவிட்டதே, பிறகென்ன ஆபத்து என்று வாசகர்கள் கேட்கலாம். யுரேனியம் பிளவுற்றுத் தோன்றிய அணுக்கள் தாமும் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். அந்த உலையின் முழு வெப்பத்திறன் சுமார் 2,770 மெகாவாட். உலை நின்ற கணத்தில் அதில் ஆறு, ஏழு சதவீதம் எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் சுமார் 40 மெகாவாட் வந்துகொண்டிருக்கும். வெந்நீர் போட வாளியில் வைக்கிறோமே, 1 கிலோவாட் மின்சுருள், அதில் 40,000 சுருள்களை ஒரே கலத்தில் வைத்ததற்கு இது சமம். நீர் இருக்கும்வரை கவலையில்லை.

நீர் போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கோ நீர் அதிகமாகிவிட்டதாகத் தோன்றியது. ஏன்?

இவ்வகை உலையில் நீரை ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அதனால் 300 பாகை செல்சியசிலும் அது கொதிக்காது. அந்த அழுத்தத்தைக் காப்பதற்கென்று, பாதி நீரும் பாதி நீராவியுமாக ஒரு தனிக்கலம் உயரத்தில் இணைக்கப்பட்டிருக்கும். நீர்மட்டம் காட்டும் கருவி அந்தத் தனிக்கலத்தில்தான் இருந்தது. எரிபொருள் இருக்கும் உலைக்கலத்தில் அத்தகைய கருவியே இல்லை. மேலே மட்டம் சரியாக இருந்தால் கீழே நிறைந்திருக்கும் என்பது கணக்கு.

பால் பொங்குவதை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தில் மட்டம் விளிம்புவரை ஏறுகிறது. பாலின் அளவு ஒரு துளியும் கூடவில்லை. அடியில் தோன்றிய குமிழிகள் அதை மேலே தள்ளுகின்றன. திறந்த வால்வு வழியே அழுத்தம் குறைந்ததும் உலையில் நடந்தது இதுதான். நீர் கொதித்தது, நீராவிக் குமிழிகள் நீரை மேல்கலத்துக்குத் தள்ளின, முள் ஏறியது. உலை நீரால் முழுவதும் நிரம்பி அழுத்தக் கட்டுப்பாடு போய்விடக் கூடாது என்று பயிற்சியில் கற்றிருந்த ஊழியர்கள், தானே ஓடத் தொடங்கிய அவசர நீர்ப் பம்புகளில் ஒன்றை நிறுத்தி, மற்றொன்றைக் குறைத்தார்கள்.

திரையில் கண்டதும் இதுவே அல்லவா? நீர் குறையும்போது நிறைந்ததாக எண்ணிச் செயல்பட்டது இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நான் இதை எழுதத் துணிந்ததே அதற்காகத்தான். படத்தில் முள் பொய் சொன்னது. தட்டியதும் உண்மை வந்துவிட்டது. மூன்று மைல் தீவில் முள் பொய் சொல்லவில்லை. மேல்கலத்தின் மட்டத்தை அது சரியாகவே காட்டியது. எவ்வளவு தட்டினாலும் அது இறங்கியிருக்காது.

வால்வு மூடியதைக் காட்ட விளக்கு இல்லையா? இருந்தது. அது அணைந்தும் இருந்தது. வால்வைத் திறந்து வைக்கும் மின்னோட்டம் நின்றுவிட்டது என்பதையே அந்த விளக்கு உணர்த்தியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது அறியாது. வால்வின் வெளியேற்றுக் குழாய் சூடாக இருந்ததைக் கண்டார்கள். ஆனால் அந்த வால்வு முன்பே கசிந்து கொண்டிருந்ததால், சூடு அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் ஒரே சமயத்தில் எழுந்தன. அவற்றை அச்சிட்ட கணிப்பொறி ஒரு கட்டத்தில் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிட்டது! அடுத்த பணிமுறைக்கு வந்த ஒருவர் ஐயுற்று, 6 மணி 22 நிமிடத்துக்கு அந்தக் குழாயில் இருந்த வேறொரு வால்வை மூடச் செய்தார். அதற்குள் சுமார் 1,20,000 லிட்டர் நீர் வெளியேறியிருந்தது.

படத்தில் வில்லன் உண்டு. பற்றவைப்புகளைச் சோதிக்கும் எக்ஸ்-கதிர்ப் படங்களைப் போலியாகத் தயாரித்தவர்களும், லாபத்துக்காக உண்மையை மறைக்கும் முதலாளிகளும் வருகிறார்கள். உண்மை விபத்தின் பின்னணி இவ்வளவு விறுவிறுப்பானதன்று. 1977 செப்டம்பர் 24ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், அதே நிறுவனம் செய்த உலையில், இதே வகை வால்வு திறந்தபடி சிக்கிக் கொண்டது. அங்கும் மேல்கலத்தில் மட்டம் ஏறியது. அங்கும் ஊழியர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை ஒன்பது சதவீதத் திறனில் மட்டும் ஓடியதாலும், ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கண்டுபிடித்ததாலும் சேதமில்லை. உலை செய்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியில், ஊழியர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்று குறிப்பு எழுதினார். வேறொரு பிரிவு அதன்மேல் ஐயம் கிளப்பியது. கடிதங்கள் மேசைக்கு மேசை போயின. மூன்று மைல் தீவுக்கு ஒரு வரியும் வந்து சேரவில்லை. கணித அறிஞர் ஜான் கெமனியின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1979 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இவை எல்லாம் உள்ளன. கோப்பு தூங்குவதை இரண்டு மணி நேரம் திரையில் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? படத்தின்மேல் எனக்கு அந்தக் குறை இல்லை.

மக்கள் நினைவில் நின்றது படத்தின் தலைப்புத்தான். உருகிய எரிபொருள் பூமியைத் துளைத்துக் கொண்டு சீனாவரை போகும் என்று பொறியாளர்கள் வேடிக்கையாகச் சொல்லி வந்த பேச்சு அது. நிலவுருண்டையைப் பார்த்தால், அமெரிக்காவுக்கு நேர் மறுபுறம் இருப்பது சீனா அன்று, இந்துமாக்கடலின் தென்பகுதி. புவிமையத்தைத் தாண்டி எதுவும் தன் எடையால் மேலே ஏறப் போவதுமில்லை. படத்தில் வரும் நிபுணரும் உருகல் நிலத்தடி நீரைத் தொட்டால் கதிரியக்க மேகம் எழும் என்றுதான் விளக்குகிறார். பென்சில்வேனியா அளவு நிலம் வாழத் தகாததாகும் என்றும் சொல்கிறார். எத்தனையோ மாநிலங்கள் இருக்க, அந்தப் பெயர் வந்து வாய்த்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அச்சம் மனத்தில் இருக்கும்போதுதான் மார்ச் 30ஆம் நாள், ஐந்து மைலுக்குள் வாழும் கருவுற்ற பெண்களும் பள்ளி செல்லாக் குழந்தைகளும் வெளியேறுமாறு ஆளுநர் அறிவுரை கூறினார். சுமார் 1,40,000 பேர் ஊரைவிட்டுப் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த இருபது லட்சம் மக்கள் பெற்ற கதிர்வீச்சு, சராசரியாக ஒரு மில்லிரெம் என மதிப்பிடப்பட்டது. மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்றுக்கு ஆவதைவிடக் குறைவு.

பிறகு நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப்படும் எட்வர்ட் டெல்லர், அணுமின்சக்திக்கு எதிரான ஜேன் ஃபாண்டாவின் பிரசாரத்தை மறுத்துப் பேசி அலைந்ததில் மாரடைப்புக்கு ஆளானார். மூன்று மைல் தீவுக்குப் பலியானவர் தாம் ஒருவரே என்று 1979 ஜூலை 31ஆம் நாள் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. விளம்பரத்துக்குப் பணம் தந்த நிறுவனம் டிரெஸ்ஸர் இண்டஸ்ட்ரீஸ். அந்தச் சிக்கிய வால்வைச் செய்ததும் அதே நிறுவனம்தான்.

உலையின் உள்ளே என்ன ஆயிற்று என்பது அப்போது எவருக்கும் தெரியாது. எரிபொருள் பெருமளவு உருகவில்லை என்றே பலரும் நம்பினர். 1982 ஜூலையில் சிறு தொலைக்காட்சிக் கேமரா ஒன்றை உள்ளே இறக்கினார்கள். எரிபொருள் கோல்கள் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம் இருந்தது. ஏறத்தாழ பாதி எரிபொருள் உருகியிருந்ததும், அதில் சுமார் 20 டன் உலைக்கலத்தின் அடியில் போய்ப் படிந்திருந்ததும் பிந்தைய ஆய்வுகளில் தெரிய வந்தன. சாணளவுகூட இல்லாத எஃகு அடித்தட்டு அதைத் தாங்கி நின்றது.

விபத்துக்குப் பிறகு அமெரிக்க அணுமின் நிலையங்களில் செய்யப்பட்ட மாறுதல்களில் ஒன்று மிக எளியது. மின்னோட்டம் நின்றதைக் காட்டினால் போதாது, வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையே நேரடியாகக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள்.