இரவின் குருதியமுக்கம்

உழைப்பவனின் உறக்கத்தைச் சோம்பல் என்று இகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. உறங்கும் வேளையில் உடல் யாது செய்கிறது என்பதை அளந்தறியும் கருவி அன்று இல்லை. அக்கருவி பிறந்த வரலாறு, உறக்கத்தைப் பற்றிய நமது மதிப்பீட்டையே மாற்ற வல்லது.

1733ஆம் ஆண்டில் ஆங்கில மதகுருவான ஸ்டீவன் ஹேல்ஸ், குதிரையொன்றின் நாடியிற் கண்ணாடிக் குழாயைப் பொருத்திக் குருதி எழும் உயரத்தை அளந்த செய்தியை நூலாக வெளியிட்டார். மனிதனை வருத்தாமல் அளப்பதற்கோ நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1896இல் இத்தாலிய வைத்தியர் றிவா றொச்சி கையிற் சுற்றும் காற்றுப் பட்டியை அமைத்தார். 1905இல் ரஷ்ய சத்திரசிகிச்சை நிபுணர் கொரொட்கோவ் நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். எனினும், அது பெரிதும் பகலின் கருவியாகவே இருந்தது. வைத்தியர் முன்னே விழித்திருப்பவனின் குருதியமுக்கத்தையே அது கூறிற்று.

இரவின் திரையை விலக்கியவர்கள் 1960களின் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள். கையின் நாடிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, உடலோடு கொண்டுசெல்லும் பதிகருவியுடன் இணைத்து, இரவும் பகலும் அமுக்கத்தைப் பதிந்தனர். உறக்கத்தில் அது தாழ்வது கண்கூடாயிற்று. 1988இல் டப்ளின் வைத்தியர் ஓபிறையனும் அவர்தம் தோழர்களும் நோயாளரை இரு கூறாக வகுத்தனர்: இரவில் அமுக்கம் தாழ்வோர், தாழாதோர். பின்னவரிடையே பக்கவாதம் கண்டவர் மிகுதியாயிருந்தனர். பகலளவிலிருந்து 10 வீதமேனும் குறைவதே இயல்பு என்பது இன்றைய வழக்கு. யப்பானின் ஒஹசாமா மக்களிடையே நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. இரவுத் தாழ்வு 5 வீதம் குறையுந்தோறும் இதய, குருதிக்குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 20 வீதம் கூடுகிறது என்று அது காட்டிற்று.

இதன் காரணம் யாது? ஆழ்ந்த உறக்கத்தில் பரிவு நரம்புகளின் செயல் தணிகிறது, இதயத் துடிப்பு மெதுவாகிறது, குருதிக்குழாய்கள் தளர்கின்றன. உறக்கம் கலையும் ஒவ்வொரு கணமும் அந்நரம்புகள் மீண்டும் முடுக்கப்பட, அமுக்கம் உயர்கிறது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோருக்கு ஒரே இரவில் இது பன்முறை நிகழ்கிறது. நீரிழிவும் சிறுநீரக நோயும்கூட இரவுத் தாழ்வைக் கெடுக்கும். எனவே, உறக்கக் கேடு ஒன்றே முழுக் காரணமென்று நாம் கூறவில்லை. ஆயினும், கெட்ட உறக்கமும் தாழாத அமுக்கமும் இணைந்து செல்வதை ஆய்வுகள் பல உறுதிசெய்கின்றன.

இவ்வுண்மைக்கு ஒரு சமுதாயப் பக்கமும் உண்டு. 1886 மே முதலாம் நாள் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலைநாளைக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, இரவுக் குருதியமுக்கத்தை அளந்தவர் எவருமில்லை. தம் களைத்த உடலே அவர்களுக்குச் சான்றாயிருந்தது. 1919இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் கைத்தொழில் நிலையங்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. அவர்கள் போராடிக் கேட்ட ஓய்வின் பொருளை விஞ்ஞானம் பின்னரே அளந்து காட்டிற்று.

ஆனால் வேலை நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதுமா? மாறிமாறி இரவு வேலை பார்க்கும் தாதியும் காவலாளியும், புழுக்கமும் இரைச்சலும் நிறைந்த ஓரறையில் குடும்பத்தோடு ஒடுங்கிக் கிடப்பவனும், கடன் நினைவால் விழித்திருப்பவளும் எவ்வாறு நிம்மதியாக உறங்குவர்? ‘நன்றாக உறங்குங்கள்’ என்று அறிவுரை கூறுவது எளிது. உறங்கத்தக்க வீட்டையும் வேலையையும் ஊதியத்தையும் அவர்களுக்கு உறுதிசெய்வதே நோய்தடுப்பின் முதற்படி என்போம்.