காட்டுக்கு வேலியாக நட்ட பைனஸ்

சிங்கராஜ வனம் எங்களில் பலருக்குப் பரீட்சைக்காகப் பாடமாக்கிய ஒரு பெயர். 'உலக மரபுரிமை, 1988' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை.

1970களின் தொடக்கத்தில் அரசே இந்தக் காட்டுக்குள் மரம் தறிக்க இயந்திரங்களை இறக்கியது. கொஸ்கமவில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேணும், அதுதான் காரணம். விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலர்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1977 இல் தறிப்பு நின்றது. 1978 இல் அது யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. பத்து வருசம் கழித்துத்தான் நாங்கள் பாடமாக்கிய அந்த 1988.

சரி, காட்டைக் காப்பாற்றியாச்சு. பிறகு?

காட்டைச் சுற்றிச் சீரழிந்து கிடந்த நிலங்களில் பைனஸ் நட்டார்கள். காட்டின் எல்லை தெளிவாகத் தெரியும், ஊருக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு தடுப்பும் இருக்கும் என்பது எண்ணம். கரிபியன் பக்கத்து மரம், கெதியாக வளர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். ஆனால் இலையும் பழமும் தின்னும் ஊதாமுகக் குரங்குக்கு பைனஸ் ஊசியிலை சோறு போடாது. இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு அது.

அப்படியென்றால் பைனஸ் முழுவதையும் வெட்டி எறிந்தால் சரிதானே? இல்லை. சிங்கராஜவின் பெருமரங்கள் பலவற்றின் கன்றுகள் சுடுவெயிலில் தாங்காது. அவற்றின் பாரமான விதைகள் தாய்மரத்தடியிலேயே விழும், தூரம் போகாது.

1990களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். பைனஸ் வரிசைகளில் சிலதை மட்டும் எடுத்து, அந்த இடைவெளியில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. மிச்சப் பைனஸ் நிழல் கொடுத்தது. ஊர்ச்சனத்துக்குப் பயன்படும் கித்துள், பிரம்பையும் நட்டுப் பார்த்தார்கள். வேலியாக நின்ற மரம் தாதியாக மாறியது.

ஜூன் 5 வந்தால் நாங்களும் மரக்கன்று நடுறோம், படம் எடுத்துப் போடுறோம். அது இந்த மண்ணின் மரமா, அதை நம்பி எந்த உயிர் வாழும், அடுத்த வருசம் யார் தண்ணி ஊத்துறது என்று கேட்கிறோமா? தறிப்பை நிறுத்தச் சில வருசப் போராட்டம் போதுமாக இருந்தது. காட்டைத் திரும்ப வளர்க்க எங்கட ஆயுள் காணாது. அதனால்தான் இப்பவே தொடங்க வேணும்.