மருத்துவப் படிம மென்பொருளில் முதலீடு

மருத்துவப் படிம மென்பொருள் என்பது எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய கருவிகள் எடுக்கும் படங்களைச் சேமித்து, மருத்துவமனைக்குள்ளும் வெளியூர்களுக்கும் அனுப்பி, அண்மைக் காலத்தில் அவற்றைத் தானே படித்து நோயின் அறிகுறிகளைச் சுட்டிக்காட்டும் கணினி நிரல்களைக் குறிக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வடிவில் படங்களைப் பரிமாறிக்கொள்ள உதவும் ‘டைகாம்’ என்னும் பொதுத் தரம் 1993இல் நிலைபெற்றதை அடுத்து, படச் சேமிப்பக மென்பொருளான ‘பேக்ஸ்’ பரவியது. இத்துறையின் மெர்ஜ் ஹெல்த்கேர் நிறுவனத்தை 2015இல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கிய ஐ.பி.எம்., 2022இல் தன் மருத்துவத் தரவுப் பிரிவின் பெரும்பகுதியோடு சேர்த்து அதையும் விற்றுவிட்டது. பெரும் பணம் கொட்டப்படுவது மட்டுமே வெற்றியாகிவிடாது என்பதற்கு இது போதிய சான்று.

இந்தியாவில் முதலீட்டாளர்களை ஈர்த்தது சேமிப்பு அன்று, படத்தைப் படிக்கும் திறன். எக்ஸ்ரே கருவி இருக்கும் பல ஊர்களில் அதன் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்கவியல் நிபுணர் இல்லாததே இதற்குக் காரணம். மும்பையில் 2016இல் ஃபிராக்டல் நிறுவனத்தின் அரவணைப்பில் தோன்றிய கியூர்.ஏஐ இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. இந்திய மையங்களிலிருந்து திரட்டிய 3,13,318 தலை சி.டி. படங்களைக் கொண்டு மூளை இரத்தக்கசிவையும் மண்டையோட்டு முறிவையும் கண்டறியும் முறையை அது உருவாக்கிச் சோதித்தது. அந்த ஆய்வு 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. 2020இல் சிக்கோயா இந்தியாவும் மாஸ்மியூச்சுவல் வென்ச்சர்ஸும் 1.6 கோடி டாலரும், 2022இல் நோவோ ஹோல்டிங்ஸ், ஹெல்த்குவாட் உள்ளிட்டோர் 4 கோடி டாலரும், 2024இல் லைட்ஸ்பீடு, 360 ஒன் முதலியோர் 6.5 கோடி டாலரும் அந்நிறுவனத்தில் இட்டனர்.

இந்த வளர்ச்சியில் காசநோய்த் திட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே காசநோயைத் தேடும்போது மார்பு எக்ஸ்ரே படத்தை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே படிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததும், தனித்தனி மருத்துவமனைகளின் வாசலில் காத்திருந்த விற்பனை அரசுத் திட்டங்களையும் பன்னாட்டு நன்கொடையாளர்களையும் நோக்கித் திரும்பியது. புனேயைச் சேர்ந்த டீப்டெக் நிறுவனத்தின் மென்பொருளைச் சென்னை மாநகராட்சி தன் நடமாடும் எக்ஸ்ரே வாகனங்களில் பயன்படுத்தியுள்ளது.

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நகரங்களில் இம்மென்பொருளின் பயனும் குறையும் ஒருங்கே புலப்படும். பீங்கான் கலவையில் சேரும் படிகச் சிலிக்காவின் நுண்தூசியை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதோடு, அந்நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடும். ஆகவே இத்தகைய ஊர்களில் மார்புப் படம் எடுப்பது இன்றியமையாதது. ஆனால் சிலிக்கோசிஸ் முடிச்சுகளும் ஆறிய தழும்புகளும் படத்தில் காசநோய் போலவே தோன்றி, மென்பொருளை எளிதில் தடுமாறச் செய்யும். மென்பொருள் ஒரு படத்திற்குத் தரும் மதிப்பெண் எந்த அளவுக்கு மேல் போனால் ஐயத்திற்குரியது எனக் கொள்வது என்பதை, அந்தந்த வட்டாரத்தில் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும் என்று வழிகாட்டல்கள் வலியுறுத்துவது இதனால்தான். முதலீட்டாளருக்கு முன்வைக்கப்படும் துல்லிய விழுக்காடுகளில் இந்த வட்டார வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகிறது.

வருவாயைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துவதால், ஒவ்வொரு படத்திற்கும் தனி உரிமத்தொகை கேட்கும் மென்பொருளுக்கு இங்கே இடம் குறைவு. மொத்தக் கொள்முதலே நடைமுறைக்கு ஒத்துவரும். மேலும், 2020 ஏப்ரல் முதல் நோயறிதலுக்கான மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற சட்ட வரையறைக்குள் வந்துவிட்டதால், உரிமம் பெறுவதற்கான செலவையும் காலத்தையும் முதலீட்டாளர் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.