கந்தையும் வரலாறும்

வரலாற்று மூலங்கள் எவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், தோம்பேடு என்று மாணவர் தயங்காது விடை கூறுவர். அவ்வாறு கூறப் பழக்கியவர்கள் ஆசிரியராகிய நாமே. கல்லும் செம்பும் நெடுங்காலம் நிலைப்பன. அவற்றைப் பொறிப்பித்தோரும் தம் பெயர் நிலைத்தல் வேண்டும் என்னும் நோக்குடனேயே பொறிப்பித்தனர். ஆனால் பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளைக்கெனப் பாட்டி ஒருத்தி பழஞ்சீலைகளை அடுக்கிக் கையாலே தைத்த போர்வை நிலைப்பதற்கென்று பிறந்ததன்று. நனைந்தும் துவைக்கப்பட்டும் வெயிலிற் காய்ந்தும் நைந்து, ஈற்றில் அடுப்படித் துணியாகி ஒழிவதே அதன் இயல்பு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பேடுகள் ஒரு குடும்பத்தின் காணியையும் அதில் நின்ற மரங்களையும் எண்ணிக் குறித்தன. அக்குடும்பத்துக் குழந்தை எதனைப் போர்த்து உறங்கியது என்பதைக் குறிக்க அவற்றுக்குத் தேவை இருக்கவில்லை. எழுதப்படாததும் எஞ்சாததுமாகிய இவ்வுழைப்புக்கு வரலாற்றில் இடம் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிற் சொல்லைக் காண்போம். கிழிந்த பழந்துணியை நாம் கந்தை என்கிறோம். வடமொழியில் ‘கந்தா’ என்பது துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஆடையைக் குறிக்கும். துறவியரின் ஒட்டுப்போட்ட மேலாடைக்கும் அதுவே பெயர். அச்சொல் தமிழிற் கந்தையாகவும் வங்காளத்திற் காந்தாவாகவும் வழங்குகின்றது. (நம்மவரிடையே பெருவழக்கான கந்தையா என்னும் பெயர் கந்தவேளைச் சார்ந்தது; இதனோடு அதற்கு உறவில்லை. வகுப்பில் ஒவ்வோராண்டும் எவரேனும் ஒருவர் இதனைக் கேட்டுவிடுகின்றனர்.) ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தமிழிற் கந்தை என்பது கிழிவையே குறித்து நின்றுவிட்டது. கசக்கிக் கட்டுமாறு நம் பழமொழி அறிவுறுத்துவதும் அதனையே. வங்காளத்திலோ கிழிந்ததைச் சேர்த்துத் தைத்த பின் உண்டாகும் புதுப்பொருளுக்கு அது பெயராயிற்று. ஒரே சொல் ஓரிடத்தில் வறுமையையும் பிறிதோரிடத்திற் கைவினையையும் சுட்டுகின்றது.

போர்வையின் வரலாற்றைக் கொச்சிக்கடையினின்று தொடங்குவது பொருத்தமற்றதன்று. கொச்சியிலிருந்து வந்தோரின் கடைகளால் இப்பகுதி அப்பெயர் பெற்றது என்பர். அந்தக் கொச்சியிலே போர்த்துக்கேயர் 1503ஆம் ஆண்டிற் கோட்டை அமைத்தனர். கொழும்பையும் 1656 வரை தம் கையில் வைத்திருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களுட் பொத்தான், லேஞ்சி, சப்பாத்து ஆகியன இன்றும் நம் நாவில் வழங்குவன. உடுப்பினைச் சார்ந்த சொற்கள் இவ்வாறு தங்கியமை, ஊசியும் நூலும் அக்கால வாணிகத்தில் எத்துணைத் தூரம் சென்றன என்பதைக் காட்டும்.

அவ்வாணிகத்தின் தலைசிறந்த பண்டங்களுள் ஒன்று வங்காளத்துப் போர்வை. போர்த்துக்கேயர் அதனைக் ‘கொல்ச்சா’ என்றனர். சாத்காம் என வழங்கிய சப்தகிராமமும், அதனை ஆற்றுமணல் தூர்த்தபின் தழைத்த ஊக்ளியும் அதன் நிலைக்களங்கள். வெண்பருத்தித் துணியின்மேல் மஞ்சள் நிறமான காட்டுப்பட்டு நூலாற் சங்கிலித் தையலிட்டு உருவங்களை அமைத்தனர். 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தராகிய லின்சொட்டன், 1596இல் வெளிவந்த தம் நூலில் இந்தியாவின் தைத்த போர்வைகளைச் சிறப்பித்துப் பேசுகின்றார். அப்போர்வைகளில் உள்ள காட்சிகள் வியப்பிற்குரியன. சாலமோன் மன்னனின் தீர்ப்பு ஒருபுறம், கிரேக்கப் பழங்கதை வீரர் ஒருபுறம், தொப்பியணிந்த போர்த்துக்கேயர் வேட்டையாடுவது ஒருபுறம், கப்பலும் கடற்கன்னியும் ஒருபுறம்! சாலமோனைக் கேட்டறியாத வங்காளத்துக் கைகள் அவனைத் தைத்தன. 1632இல் மொகலாயப் பேரரசன் சாஜகானின் படை ஊக்ளியைக் கைப்பற்றியபின் இத்தொழில் நலிந்தது. எனினும் அப்போர்வைகள் பல இன்றும் உள. லிசுபன், இலண்டன், பொஸ்ரன் ஆகிய நகரங்களின் நூதனசாலைகளில் அவற்றைக் காணலாம். ஏன் எஞ்சின? விலை கொடுத்து வாங்கிய செல்வர் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பேணினர். வாங்கியோர் மரபு தெரிகின்றது. தைத்தோர் பெயர் ஒன்றும் தெரியவில்லை.

அதே வங்காளத்தில், சந்தைக்கு வராத பிறிதொரு போர்வையும் வீடுதோறும் தைக்கப்பட்டது. அதுவே காந்தா. துவைத்துத் துவைத்து மென்மையாகிய பழைய வெள்ளைச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும் எளிய நூலோடித் தையலால் இணைப்பர். புதுநூல் வாங்குவதில்லை, சேலைக் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளை உருவி எடுப்பர். நடுவே தாமரை, நான்கு மூலைகளிலும் நான்கு மரங்கள், இடையிலே யானை, தேர், ஓடம், பாக்குவெட்டி என்று கண்ட பொருளெல்லாம் இடம்பெறும். தைப்பதற்குரிய காலம் பகலுணவுக்குப் பின் வரும் ஓய்வு. ஆதலின் ஒரு காந்தா முற்றுப்பெறத் திங்கள் பல செல்லும். பாட்டி தொடங்கியதைப் பேர்த்தி முடித்தலும் உண்டு என்பர். சைதன்யர் பூரியில் வாழ்ந்த காலத்து அவருடைய அன்னை சசிதேவி தாம் தைத்த காந்தா ஒன்றை யாத்திரிகர் வாயிலாக அனுப்பினார் என்பது வைணவ மரபு. ஆனால் இன்று எஞ்சியுள்ள காந்தாக்களிற் பெரும்பாலன 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டன அல்ல. காரணம் வெளிப்படை. அவை பயன்பட்டன, ஆகவே அழிந்தன.

அழியாது தப்பியவற்றுள் ஒன்று குல்னாப் பகுதியினரான மானதாசுந்தரி தாசி என்பார் தம் தந்தைக்கெனத் தைத்தது. குருசதய் தத் என்னும் அரசாங்க அலுவலர் வங்காளத்துக் கிராமங்களில் அலைந்து திரட்டிய தொகுதியில் அது உள்ளது. கல்கத்தாவுக்கு அண்மையில் அவர் பெயரால் அமைந்த நூதனசாலையில் அதனைக் காணலாம். தம் பெயரையும், தந்தைக்குச் செய்தது என்பதையும் அவர் நூலாலேயே எழுத்தாக்கியுள்ளார். சாலமோன் போர்வையைத் தைத்தவனுக்கு வாய்க்காத பெயர், வீட்டுப் பெண்ணொருத்திக்கு வாய்த்தது! கல்வெட்டு ஒன்றைப் படிக்கும் அதே கவனத்தோடு இத்துணியையும் படித்தல் வேண்டும் என்பது என் துணிபு. இன்னார் செய்தார், இன்னாருக்குச் செய்தார் என்பவற்றைத் தானே கூறும் ஆவணம் அது.

‘முடித்தல்’ என்பது பற்றி ஈண்டு ஒரு செய்தி. கன்னட நாட்டின் வடமேற்குக் காட்டுப்பகுதியிலே எல்லாப்பூர், ஹளியால் முதலிய ஊர்களைச் சூழச் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். கோவாவிற்கும் பிற துறைகளுக்கும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்தம் பெண்கள் தைக்கும் கந்தைப் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். அடித்துணியின் ஒரு மூலையிலே தொடங்கி, ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நடுவை அடைந்துவிட்டாற் போர்வை முடிந்தது என்று நாம் எண்ணுவோம். அவர்கள் அவ்வாறு எண்ணார். நான்கு மூலைகளிலும் பல மடிப்பாக்கிய முக்கோணத் துணிகளை வைத்துத் தைத்தல் வேண்டும். அதற்குப் ‘பூ’ என்று பொருள்படப் ‘பூலா’ என்பர். பூலா இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடையின்றி நிற்பது போன்றது. குளிரைத் தடுப்பதற்குப் பூ எவ்வகையிலும் உதவாது. முடித்தவள் இன்னும் கைவிட மனமில்லாதவள் என்பதற்கு அஃது அடையாளம் போலும்.

நம்மவர்பால் மீள்வோம். யாழ்ப்பாணத்துச் சிறுமியருக்குத் தையல் பள்ளிப் பாடமாக வந்தது அமெரிக்க மிசனரிமார் வாயிலாக. அவர்கள் 1816இல் வந்தனர். 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினர். அதனை நடத்திய ஹரியற் வின்சிலோ அம்மையார் கனெற்றிக்கற் நாட்டினர்; ஒட்டுத்துணிப் போர்வைகளுக்குப் பேர்போன புதிய இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்தவர். எழுத்தும் கணக்கும் கற்பித்த அங்கே ஊசி வேலையும் கற்பிக்கப்பட்டது. ஊசி பிடிக்கும் கை ஏடு பிடிக்கலாகாது என்று கருதிய பெற்றோரும், தையலின்பொருட்டு மகளை அனுப்ப இசைந்தனர் என்று கொள்ள இடமுண்டு. சைவர்கள் பின்னர் நிறுவிய பெண் பாடசாலைகளும் தையலை ஏற்றுக்கொண்டன. பாடசாலைத் தையற்கொப்பி இல்லாத பாட்டிமாரை அக்காலத்திற் காண்டல் அரிது.

1877இற் சிங்கர் நிறுவனம் கொழும்பிற் கடை திறந்தது. பின்னர் நடந்ததை யாவரும் அறிவர். மணமகளுக்குச் சீதனமாகத் தையற்பொறி கொடுத்தல் வழக்காயிற்று. சட்டை பொறிக்குச் சென்றது. ஏணைக்குள் விரிக்கும் சீலையும் குழந்தைப் போர்வையும் மட்டும் கையிலே தங்கின. பல மடிப்புத் துணி பொறியூசிக்கு எளிதில் அடங்காமை ஒரு காரணம். கையால் இட்ட தையல் குழந்தையின் உடலை உறுத்தாது என்பது என் அம்மம்மா கூறிய காரணம்.

அவர் தைத்த போர்வை ஒன்று எம்மிடம் உண்டு. அதனாலேயே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன். கொச்சிக்கடையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலே, பேரப்பிள்ளையாகிய எனக்கென்று அவர் தொடங்கியது அது. இறந்துபோன பாட்டனாரின் வேட்டி இரண்டு உள்ளே. அம்மாவின் நூற்சீலை ஒன்று மேலே. சின்னம்மாவின் பாவாடைத் துண்டுகள் ஓரத்திலே. நீளம் 46 அங்குலம், அகலம் 34. நான்கு ஓரங்களில் மூன்றை மடித்துத் தைத்து முடித்திருந்தார். அப்பொழுது 1983ஆம் ஆண்டு ஆடி மாதம் வந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் எரிந்த அந்நாட்களில், இரண்டு வயதுப் பிள்ளையாகிய என்னை அம்மா கைக்கெட்டிய துணியிற் சுற்றிக்கொண்டு பின்வாயிலால் ஓடினார். அகதி முகாமில் ஒரு கிழமை கழித்து, காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் ஏறிய பின்னரே துணிக்குள் ஊசி குத்திய வண்ணம் இருப்பதைக் கண்டாராம். ஊசி என்னைத் தீண்டவில்லை. அதனை உருவிக் கடலில் எறிய மனமின்றித் தம் சட்டைக் கழுத்திற் குத்திக்கொண்டார்.

அம்மம்மா ஊர் வந்தபின் ஊசியைத் தொடவில்லை, 1989இல் இறந்தார். 1995இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட நேர்ந்தபோதும் அத்துணி பொதிக்குள் வந்தது. பின்னர் எம்மோடு கொச்சிக்கடைக்கும் மீண்டது. நான்காம் ஓரம் திறந்தபடியே கிடந்தது. உள்ளிருந்த வேட்டியின் இழைகள் அவ்வழியே பிரியத் தொடங்கின.

சென்ற ஆண்டு என் மகள் பிறந்தபோது, சின்னம்மா அதனை முடித்துத் தருவதாகக் கூறினார். யான் தடுத்தேன். பழம்பொருளில் இன்றைய கை ஒரு தையலும் இடலாகாது, குறை குறையாகவே இருத்தல் வேண்டும், அத்திறந்த ஓரமே 1983ஆம் ஆண்டின் ஆவணம் என்று, வெளிவாரிப் பட்டத்திற்குப் படித்த வரலாற்று முறையியலை எல்லாம் எடுத்துரைத்தேன். சின்னம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “அம்மா இதைப் பிள்ளைக்குத்தானே தைச்சவ? உன்ர அலுமாரிக்கோ தைச்சவ?” என்று மட்டும் வினவினார். மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. இன்றும் யான் கூறியது தவறென்று கருதவில்லை. அவர் கேட்டதற்கு விடையும் கண்டிலேன்.

அந்த ஓரத்தை நான்கு பக்கத்தாலும் படம்பிடித்தேன். அங்குலத்திற்கு எத்தனை தையல் என்று எண்ணிக் குறித்தேன். அம்மம்மாவின் தையல் அங்குலத்திற்கு ஏழு. சின்னம்மாவுக்கு இப்பொழுது கண்பார்வை குறைவு, ஆதலின் ஐந்து. பழைய வெள்ளை நூலுக்கு ஒப்பானது கடைகளிற் கிடைக்காமையால் நீல நூலால் முடித்தார். மூன்று நாளில் வேலை தீர்ந்தது. அம்மா சட்டைக் கழுத்திற் கொண்டுவந்த ஊசி துருப்பிடித்துவிட்டமையால் அதனைப் பயன்படுத்த இயலவில்லை. மகள் அதனையே போர்த்து உறங்குகின்றாள். முதற்சலவையில் நீலம் சிறிது சாயம் விட்டது.