சண்டைக்காரனுக்கு ஓடத் தெரியாதோ? – ஒரு மேசை விளையாட்டும் பண்டாரவன்னியனும்

கிளிநொச்சியில் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் நாலு பேர் இருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடத் தொடங்கினோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லி, இருபது பக்கப் பகடையை உருட்டினால் அது பலித்ததா இல்லையா என்று தெரியும். பாத்திரத் தாளைத் தமிழிலேயே நிரப்புவம் எண்டு முடிவெடுத்தம். மந்திரவாதி, கள்ளன், பூசாரி எல்லாம் சுகமாக வந்தது. 'பைட்டர்' எண்ட இடத்தில பேனை நிண்டுட்டுது. நேர்ச்சொல் 'போராளி'. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். வன்னியில் அந்தச் சொல்லை விளையாட்டுத் தாளில் எழுத ஒருத்தருக்கும் கை வரேல்ல. கடைசியில் 'சண்டைக்காரன்' எண்டு எழுதினம்.

முதல் சண்டையில் அந்தச் சண்டைக்காரன் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரே சொல்தான் சொன்னான்: "வெட்டுறன்." நாலாவது சுற்றில் செத்துப்போனான். தேத்தண்ணி கொண்டுவந்த நண்பனின் அம்மா கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னா: "ஏன் தம்பி, சண்டைக்காரனுக்கு ஓடத் தெரியாதோ?"

அம்மா பகிடியாகத்தான் கேட்டா. ஆனால் அந்த விளையாட்டின் 50 வருட வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இதன் வேர் இராணுவத்தில் உள்ளது. நெப்போலியன் காலப் போர்கள் முடிந்த பிறகு, 1824இல் புருசிய அதிகாரி ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டைத் தன் படைக்குக் கொடுத்தார். வரைபடம், படைக்கட்டைகள், பகடை, நடுவில் ஒரு நடுவர். சதுரங்கத்தில் குதிரை தனக்கு விதித்தபடிதான் பாயும். இங்கே அதிகாரி தான் நினைத்த கட்டளையை எழுதிக் கொடுக்கலாம், அது நடக்குமா என்று நடுவர் தீர்மானிப்பார். 1971இல் அமெரிக்காவில் 'செயின்மெயில்' என்ற பொம்மைப்படை விளையாட்டு வந்தது. அதிலிருந்து 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். படைக்குப் பதில் ஓர் ஆள், தளபதிக்குப் பதில் நீங்கள்.

அந்த முதல் பதிப்பில் மந்திரவாதிக்கு மந்திரப் பட்டியலே இருந்தது. சண்டைக்காரனுக்கு வாளும் கவசமும்தான். "மணலை அள்ளிக் கண்ணில எறியிறன்" என்று சொல்லலாம். நடுவர் மனம் வைத்தால் அது நடக்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதையெல்லாம் விதியாக எழுதியது: காலை வாருதல், ஆயுதத்தைத் தட்டிப் பறித்தல், முட்டித் தள்ளுதல், கட்டிப் பிடித்தல். ஆனால் ஒரு பொறி வைத்திருந்தார்கள். தனிப் பயிற்சி எடுக்காதவன் இவற்றை முயன்றால் பெரும்பாலும் எதிரிக்கு இலவசமாக ஒரு வெட்டுக் கிடைக்கும். ஆக, பலரும் திரும்பவும் "வெட்டுறன்"தான்.

2008இன் நான்காம் பதிப்பில் சண்டைக்காரனின் வேலையே மாறியது. எதிரியை 'குறி' வைப்பான். குறிக்கப்பட்டவன் வேறொருத்தரைத் தாக்கப் போனால் தண்டனை. அதாவது முன்னுக்கு நிற்பவனின் பெரிய வேலை, பின்னுக்கு நிற்பவர்களைக் காப்பது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் 'பேட்டில் மாஸ்டர்' என்ற வகைச் சண்டைக்காரன் மூன்றாம் நிலையில் நாலு எட்டுப்பக்கப் பகடைகளோடு வருவான். ஒன்றைச் செலவழித்தால் எதிரியைத் தள்ளலாம், விழுத்தலாம், அல்லது தன் அடியை விட்டுக்கொடுத்து நண்பனை அடிக்கச் சொல்லலாம். 2024இல் திருத்திய விதிகளில் ஆயுதங்களுக்கும் அப்படியான திறன்கள் வந்தன. இவற்றுக்கெல்லாம் மேலே, ஐந்தாம் பதிப்பில் எந்தப் பாத்திரமும் செய்யக்கூடிய எளிய செயல்களும் உண்டு: உதவுதல், தருணம் பார்த்துக் காத்திருத்தல், விலகுதல். விலகுபவன் அந்த முறை அடிக்கமாட்டான், ஆனால் வெட்டு வாங்காமல் வெளியேறுவான்.

இப்ப எங்கட ஊர்க் கதைக்கு வருவம். வன்னியில் சண்டைக்காரன் என்றால் பள்ளிக்கூட மேடையில் முதலில் வருபவர் பண்டாரவன்னியன்தான். வவுனியா நகரில் சிலையாகவும் நிற்கிறார். நாடகங்களில் அவர் வாளைச் சுழற்றி வெள்ளையனை வெட்டுவார். பிறகு காக்கைவன்னியன் காட்டிக்கொடுப்பான். வீரம் ஒரு பக்கம், துரோகம் மறு பக்கம், கதை முடிந்தது. நானும் ஆறாம் வகுப்பில் அந்த நாடகத்தில் வேல் பிடித்துக்கொண்டு நின்றவன்தான்.

ஆனால் 1803ஐ மேசையில் விரித்துப் பாருங்கள். ஜூன் மாதம் கண்டிக்குள் புகுந்த பிரித்தானியப் படை அங்கே அழிந்தது. கண்டியின் ஆட்கள் பல இடங்களில் ஆங்கிலக் காவல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பண்டாரவன்னியன் அந்தத் தருணத்தில்தான், கண்டியின் துணையோடு, ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினார். எதிரி தடுமாறும் நேரம், தனக்கு உதவ ஒரு கூட்டாளி, கடலோரத்தில் ஒரு காவல். தருணம் பார்த்தல், உதவி, இடம் மூன்றையும் அவர் பாவித்திருக்கிறார். வெறும் "வெட்டுறன்" இல்லை இது.

பிறகு ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து வந்தவர் கப்டன் வொன் டிறிபேர்க். ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியனின் ஆட்கள் எதிர்பாராதபடி அகப்பட்டார்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, எதிர்பாராமல் அகப்பட்டவன் தன் முதல் முறையில் நகரவோ செயல்படவோ முடியாது. எவ்வளவு வீரம் இருந்தாலும் பகடையை உருட்ட முடியாது. தோல்வியை விளங்கிக்கொள்ள ஒரு துரோகி கட்டாயமில்லை, மூன்று பாதைகளும் ஓர் அசந்த நேரமும் போதும்.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில் இதற்காக ஆங்கிலத்தில் ஒரு கல் நட்டார்கள். டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் அது சொன்னது. கொன்றார் என்று சொல்லவில்லை. எங்கள் நாடகங்களுக்குத்தான் அவர் அங்கேயே விழுந்தாக வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன்? வீரமும் துரோகமும் மட்டும் உள்ள கதையில் முடிவெடுக்கிற ஆள் இல்லை. அங்கே 'வேறு என்ன செய்திருக்கலாம்' என்ற கேள்வி கேட்டாலே அவமரியாதை மாதிரி ஆகிவிடும். நாங்கள் யாருடைய பிள்ளைகள்? 2009இல் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த சனத்தின் பிள்ளைகள். எப்ப வெளிக்கிடுறது, எதைத் தூக்குறது, பங்கர் எங்கே வெட்டுறது, யாரை முன்னுக்கு விடுறது எண்டு நாளுக்குப் பத்து முடிவு எடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மேடையில் நாடகம் இல்லை. 'ஓடினவர்கள்' என்ற ஒரு சொல்தான்.

அதனால்தான் நண்பனின் அம்மா கேட்ட கேள்வி எனக்குப் பகிடியாகப் படவில்லை. அவ விலகத் தெரிந்தவ. அதனால்தான் நண்பன் இருக்கிறான்.

அடுத்த கிழமை அவன் புதுச் சண்டைக்காரனைக் கொண்டுவந்தான். முதல் அறைக்குள் நுழைந்ததும் வாளை உருவவில்லை. "இந்த இடத்தில எத்தனை வாசல் இருக்கு?" எண்டுதான் கேட்டான்.