டியூட்லி ஆலயத்தின் நினைவுச் சாளரம்: துயரமும் சமய எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் டியூட்லி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள அனைத்துப் புனிதர் ஆலயத்தின் கிழக்குச் சாளரம், கடலில் மூழ்கி இறந்த இளம்பெண் ஒருவரின் நினைவாக ஓவியர் மார்க் ஷகாலால் வடிவமைக்கப்பட்டது. நினைவுச் சாளர மரபில் அது ஏற்படுத்திய மாற்றத்தையும், அம்மாற்றம் ஆலயத்தின் பழைய சாளரங்களைப் பாதித்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நினைவுச் சாளரம், வண்ணக் கண்ணாடி, மார்க் ஷகால், டியூட்லி, யூத - கிறித்தவ உறவு.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பங்கு ஆலயங்களில் நினைவுச் சாளரங்கள் பெருகின. விவிலியக் காட்சியோ புனிதர் உருவமோ மேலே அமைய, இறந்தவர் பெயர் அடியில் பொறிக்கப்படுவது பெருவழக்கு. அவர் எவ்வாறு இறந்தார் என்பதைக் கண்ணாடி பெரும்பாலும் கூறுவதில்லை. டியூட்லிச் சாளரம் இவ்வழக்கிலிருந்து வேறுபடுகிறது.

சாளரம் உருவான சூழல்

1963இல் ரை கடற்கரைக்கு அப்பால் நேர்ந்த படகு விபத்தில் சாரா தவிக்டர்-கோல்ட்ஸ்மிட் தம் 21ஆம் வயதில் இறந்தார். அவர் தந்தை சர் ஹென்றி, யூதர், நாடாளுமன்ற உறுப்பினர். தாய் ரோஸ்மேரி ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். எருசலேமின் ஹதாசா மருத்துவமனைத் தொழுகைக்கூடத்திற்கென ஷகால் உருவாக்கிய 12 சாளரங்கள் 1961இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைச் சாராவும் தாயும் கண்டு வியந்திருந்தனர். பின்னாளில் பெற்றோர் ஷகாலை நாடியதற்கு இதுவே அடிப்படை. கிழக்குச் சாளரம் 1967இல் நிறுவப்பட்டது.

சாளரத்தின் அமைப்பு

ஷகாலின் வடிவத்தைக் கண்ணாடியாக்கியவர் ரீம்ஸ் நகரப் பட்டறையின் சார்ல் மார்க். நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய நிறப்படலம் ஏற்றி, வேண்டிய இடங்களில் அதனை அமிலத்தால் அரித்தெடுத்தனர். இதனால் ஒரே துண்டில் பல நிறச்சாயல்கள் கிடைத்தன. நிறந்தோறும் ஈயப்பட்டையிட்டுப் பிரிக்கவேண்டிய தேவை குறைந்தது. நீல அலைகள் இடைவெட்டின்றிப் பரவி நிற்பதற்கு இத்தொழில்நுட்பம் துணைசெய்தது.

சாளரத்தின் அடிப்பகுதியில் அலைகளிடையே மூழ்கிய பெண்ணுருவம் கிடக்கிறது. அருகே துயருறுவோர் உள்ளனர். மேலே ஏணி ஒன்று எழுகிறது. உச்சியில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு காணப்படுகிறார். இங்கு இறப்பு பெயர்ப்பொறிப்பில் ஒடுங்கவில்லை, நிகழ்வாகவே காட்டப்படுகிறது.

ஏணி இருபொருள் தருவது. தொடக்க நூலில் யாக்கோபு கண்ட ஏணி யூதருக்கும் கிறித்தவருக்கும் பொதுவானது. சிலுவையருகே சாய்ந்த ஏணியோ இயேசுவின் உடலை இறக்கும் காட்சியை நினைவூட்டுவது. 1938இல் ஷகால் தீட்டிய ‘வெள்ளைச் சிலுவையறைவு’ ஓவியத்திலும் சிலுவையருகே ஏணி உண்டு. அதில் இயேசுவின் இடையில் யூதரின் தொழுகைத் துணி கட்டப்பட்டுள்ளது. துன்புறும் யூத மக்களின் அடையாளமாக இயேசுவைக் கண்ட ஓவியர், டியூட்லியில் அவ்வுருவைத் தனியொரு குடும்பத்தின் இழப்போடு இணைத்தார். யூதத் தந்தையும் கிறித்தவத் தாயும் ஒருசேர நின்று துயருறத்தக்க இடமாகச் சாளரம் அமைந்ததற்கு இவ்விணைப்பே காரணம் எனலாம்.

நினைவின் விரிவும் இடப்பெயர்வும்

பின்னர் ஆலயத்தின் எஞ்சிய 11 சாளரங்களையும் ஷகாலே வடிவமைத்தார். இறுதிச் சாளரங்கள் 1985இல் பொருத்தப்பட்டன. அதே ஆண்டில் ஷகால் 97ஆம் வயதில் மறைந்தார். இப்பிற்காலச் சாளரங்களில் விபத்தின் கதை தொடர்வதில்லை. நிறமும் ஒளியுமே முதன்மை பெறுகின்றன. எனவே 12 சாளரங்களையும் ஒரே நினைவுச்சின்னமாகக் கொள்வது பொருந்தாது. நினைவுச் செயற்பாடு கிழக்குச் சாளரத்திலேயே செறிந்துள்ளது.

மேலும், பலிபீடப் பகுதியில் இருந்த விக்டோரியா காலச் சாளரங்கள் அகற்றப்பட்டு, குருமார் உடையணியும் அறைக்கு மாற்றப்பட்டன. அவை அழிக்கப்படவில்லை, ஆயினும் வழிபடுவோரின் பார்வையிலிருந்து விலகின. பங்கு ஆலயம் பல தலைமுறைகளின் பொதுவுடைமை. அங்கு ஒரு நினைவுக்கு இடமளிக்கும்போது முன்னோர் விட்டுச்சென்ற ஒன்று இடம்பெயர நேர்கிறது. டியூட்லியின் கலைப்பெருமை பேசப்படும் அளவிற்கு இவ்விலை பேசப்படுதல் வேண்டும்.

முடிவுரை

டியூட்லியின் கிழக்குச் சாளரம் இறப்பின் நிகழ்வை வெளிப்படையாகக் காட்டி, விக்டோரியா கால வழக்கிலிருந்து விலகியது. யூத ஓவியரின் சிலுவை உருவகம் இரு சமயத்தைச் சார்ந்த பெற்றோரின் துயருக்குப் பொதுமொழியாயிற்று. இத்தகைய சாளரங்களை ஆராய்வோர், நிறுவப்பட்ட கண்ணாடியோடு அகற்றப்பட்ட கண்ணாடியையும் சான்றாகக் கொள்ளும்போதே பங்கு ஆலயத்தின் வரலாறு முழுமைபெறும்.